கஞ்சி நாட்களிலும் பாடம் நடக்கும்: கிறிஸ்தவ வீட்டுக்கல்வியைக் கஷ்ட காலத்தில் விடாமல் தொடர ஒரு வழிகாட்டி

எங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். மாமனாருக்குப் பக்கவாதம் வந்த மாதம் எங்கள் வீட்டில் பாடம் நின்றுபோனது. அப்போது பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவனுக்கு ஏழு. ஆஸ்பத்திரி, மருந்துக்கடை, சொந்தக்காரர்கள் வருகை என்று பதினோரு நாள் ஓடிவிட்டது. புத்தகங்கள் அலமாரியை விட்டு இறங்கவே இல்லை. பன்னிரண்டாம் நாள் மத்தியானம் நான் சமையலறையில் இருந்தேன். சின்னவன் தாத்தாவின் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு, இருபத்திமூன்றாம் சங்கீதத்தை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தான். ‘தாழ்ச்சியடையேன்’ என்ற இடத்தில் தடுக்கிவிட்டான். மாமாவுக்குப் பேச்சு வராது, வலது கையும் அசையாது. ஆனால் இடது கை விரல் போர்வையின் மேல் இரண்டு முறை தட்டியது. சின்னவன் அந்தச் சொல்லை மறுபடி வாசித்தான். தவறினான். விரல் மறுபடி தட்டியது. நான்காம் தடவை சரியாக வந்ததும் விரல் நின்றது.

எங்கள் வீட்டுப் பள்ளி அன்றைக்கே திரும்பத் தொடங்கிவிட்டது. கால அட்டவணையும் பாடத்திட்டமும் அப்புறம்தான் வந்தன. கஷ்டகாலத்தில் வீட்டுக்கல்வியைத் தொடர முடியாமல் தவிக்கிற பெற்றோர் என்னிடம் கேட்கும்போதெல்லாம் நான் சொல்வது ஒன்றுதான்: நிறுத்தாதீர்கள், சிறிதாக்குங்கள். எப்படிச் சிறிதாக்குவது, எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். நான் நாகர்கோவில் பக்கம் இருப்பவள். சட்டம், தேர்வு பற்றிய விவரங்கள் தமிழ்நாட்டுக்குப் பொருந்துகிறவை.

1. எது கஷ்டம் என்று எழுதிப் பாருங்கள்

‘எங்களால் முடியவில்லை’ என்று பொதுவாக நினைத்தால் மனம் முழுவதும் இருட்டாகிவிடும். ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டில் நோயா? வருமானம் நின்றுவிட்டதா? குடும்பத்தார் எதிர்ப்பா? பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லையா? அல்லது உங்கள் உடம்பும் மனமும் சோர்ந்துவிட்டனவா? இந்த ஐந்துக்கும் மருந்து வேறு வேறு.

எழுதிப் பார்த்தபோதுதான் எங்களுக்கு ஒன்று புரிந்தது. எங்கள் பிரச்சினை காலை ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவில் இருந்தது. மாமாவைக் குளிப்பாட்டுவது, கஞ்சி ஊட்டுவது, உடற்பயிற்சி செய்ய வைப்பது எல்லாம் அந்த நேரத்தில். பாடமும் அதே நேரத்தில்தான் வைத்திருந்தோம். பாடத்தை மத்தியானம் இரண்டரைக்கு, மாமா தூங்கும் நேரத்துக்கு மாற்றினோம். பாதிப் பாரம் இறங்கிவிட்டது.

2. ஏன் தொடங்கினோம் என்பதைக் கணவனும் மனைவியுமாக எழுதி வையுங்கள்

ஒரே ஒரு பக்கம் போதும். தேதி போட்டு இருவரும் கையெழுத்திட்டு வேதாகமத்துக்குள் வையுங்கள். எழுதும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். ‘பள்ளியில் கெட்ட பழக்கம் வரும், போட்டி அதிகம், கட்டணம் அதிகம்’ என்று பயத்தை வைத்து எழுதிய காரணங்கள் கஷ்டம் வந்ததும் கரைந்துபோகின்றன. ‘பிள்ளைகளோடு தினமும் வேதம் வாசிக்க வேண்டும், அவர்கள் கேட்கும் கேள்விக்கு அவசரமில்லாமல் பதில் சொல்ல வேண்டும்’ என்று எதைக் கொடுக்க விரும்புகிறோமோ அதை எழுதிய குடும்பங்கள்தான் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

நம்மில் பலர் பிடித்துக்கொள்ளும் வசனம் உபாகமம் ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதிக்கச் சொல்லிவிட்டு, வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும் என்று நான்கு நேரங்களைச் சொல்கிறது. மேசை, கரும்பலகை, ஒன்பது மணி மணியோசை எதுவும் அதில் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கிற அம்மாவுக்கும் அந்த நான்கு நேரங்கள் இருக்கின்றன.

3. கஞ்சி நாள் அட்டவணை ஒன்று தயாரியுங்கள்

வழிகாட்டியின் நடுநாயகம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீட்டில் முடியாத நாளில் நாம் பிள்ளைகளைப் பட்டினி போடுவதில்லை. கஞ்சியும் காணத் துவையலும் வைப்போம். குழம்பு, கூட்டு, பொரியல் இல்லையே என்று யாரும் அழுவதில்லை, வயிறு நிறைந்துவிடும். பாடத்துக்கும் அப்படி ஒரு கஞ்சி நாள் வேண்டும். நல்ல காலத்திலேயே அதைத் தயாரித்து வைத்துக்கொண்டால், கஷ்டம் வரும் காலையில் யோசிக்க வேண்டியிருக்காது. எங்கள் வீட்டில் அந்தத் தாள் பருப்பு டப்பா மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும். எந்த நாளும் நான் அந்த டப்பாவைத் திறக்காமல் இருக்க மாட்டேன் என்பதால் அந்த இடம்.

எங்கள் தாளில் இருந்தவை நான்கு. மொத்தம் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது.

வேதமும் ஜெபமும், பதினைந்து நிமிடம். ஒரு சங்கீதம் அல்லது சுவிசேஷத்தில் ஒரு சம்பவம். பெரிய விளக்கம் வேண்டாம். பிள்ளைகள் ஆளுக்கொரு வரி ஜெபித்தால் போதும்.

வாசிப்பு, இருபது நிமிடம். சத்தமாக வாசிக்க வேண்டும். தமிழில் ஒரு நாள், ஆங்கிலத்தில் ஒரு நாள். கேட்க ஆள் வேண்டும், அது தாத்தாவாகவும் பாட்டியாகவும் இருக்கலாம்.

கணக்கு, அரை மணி. இதை மட்டும் ஒரு நாளும் விடாதீர்கள். வரலாறு மூன்று மாதம் நின்றாலும் பிறகு கதைபோல வாசித்துப் பிடித்துவிடலாம். கணக்கு படி மேல் படியாக ஏறுகிறது. பின்னத்தில் விட்ட இடைவெளி இயற்கணிதத்தில் வந்து நிற்கும். புதுப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தெம்பு இல்லாவிட்டால் பழையதிலிருந்து ஐந்து கணக்கு போட வையுங்கள்.

எழுத்து, பத்து நிமிடம். வாசித்ததில் மூன்று வாக்கியம்.

மற்ற எல்லாம், அறிவியல் சோதனை, இந்தி, கீபோர்டு, ஓவியம், அந்த நாளில் வேண்டாம். குற்ற உணர்வும் வேண்டாம்.

எழுதக்கூட நேரமில்லாத நாளுக்கு ஒரு வழி இருக்கிறது. சார்லட் மேசன் (1842-1923) என்ற ஆங்கிலேயக் கல்வியாளர், கிறிஸ்தவ வீட்டுக்கல்வி செய்கிறவர்கள் பலரும் இன்றும் பின்பற்றுகிற ஒரு முறையை வலியுறுத்தினார். ஒரு பகுதியை ஒரே ஒரு தடவை வாசிக்க வேண்டும். பிறகு பிள்ளை அதைத் தன் சொந்த வார்த்தையில் திரும்பச் சொல்ல வேண்டும். கேள்வித்தாள் தேவையில்லை, திருத்த வேண்டியதும் இல்லை. நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே பெரியவள் திரும்பச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். யோசேப்பின் சகோதரர்கள் எகிப்துக்குத் தானியம் வாங்கப் போன கதையைச் சொன்னவள், ‘அம்மா, அவங்க அப்பாகிட்ட இருபது வருஷம் எப்படிப் பொய்யை மறைச்சாங்க?’ என்று கேட்டாள். கேட்ட நான் கீரையை வைத்துவிட்டேன். அன்றைய பாடம் அதோடு முடிந்தது, அது எங்களுக்குப் போதுமாகவும் இருந்தது.

பிள்ளைகள் மூன்று பேருக்கு மேல் இருந்தால் எல்லாரையும் தனித்தனியாக உட்கார வைக்காதீர்கள். வேதம், வரலாறு, அறிவியல் எல்லாருக்கும் சேர்த்து. கணக்கும் வாசிப்பும் மட்டும் தனித்தனி. பெரிய பிள்ளை சிறியதை வாசிக்க வைக்கட்டும், ஆனால் நாளுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மூத்த மகளை இரண்டாம் அம்மாவாக்கிவிட்டு அவள் படிப்பு பின்தங்கிய வீடுகளை நான் அறிவேன். அது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

4. பணக் கஷ்டம் என்றால் பெட்டிப் பாடத்திட்டத்தை விடுங்கள்

புத்தகங்களெல்லாம் ஒரே பெட்டியாக அமெரிக்காவிலிருந்து வரும் கிறிஸ்தவப் பாடத்திட்டங்கள் அழகானவை. டாலர் விலையும் அனுப்பும் செலவும் சேர்ந்தால் ஒரு சம்பளமே போய்விடும். சம்பளம் வராத வருடத்தில் அதற்காகக் கடன் வாங்காதீர்கள். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பாடப்புத்தகங்கள் ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களை யூடியூபிலும் பார்க்கலாம். மாவட்ட மைய நூலகத்தில் சிறிய தொகை கட்டினால் உறுப்பினராகலாம். எல்லாப் பாடத்தையும் கிறிஸ்தவப் பதிப்பாளர்தான் அச்சிட்டிருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. பெருக்கல் வாய்ப்பாடு யார் அச்சிட்டாலும் ஒன்றுதான். படைப்பைப் பற்றி, மனிதரைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு நீங்கள் பேசுங்கள்.

5. தாள்களைப் பத்திரப்படுத்துங்கள்

கஷ்டகாலத்தில் முதலில் கைவிடப்படுவது பதிவேடுதான். கைவிடக் கூடாததும் அதுவே. ஒரு நீண்ட நோட்டு வாங்குங்கள். தினமும் தேதி போட்டு ஒரு வரி: ‘சங்கீதம் 46, கணக்கு பக்கம் 32, கதை வாசித்தான்.’ மாதம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையும் எழுதிய ஒரு தாளை ஃபைலில் போடுங்கள். ‘நாம் ஒன்றும் செய்யவில்லை’ என்று மனம் சொல்லும் இரவில் அந்த நோட்டைப் புரட்டிப் பாருங்கள். செய்திருப்பீர்கள்.

சட்டத்தைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பயமும் வதந்தியும் இங்கேதான் அதிகம். 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 2009, ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கானது. பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ம் பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அந்தச் சட்டம் தண்டனை எதையும் சொல்லவில்லை. வீட்டுக்கல்வியை அது பெயர் சொல்லி அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. ‘சட்டப்படி முழு அனுமதி’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ‘போலீஸ் வரும்’ என்று பயமுறுத்தினாலும் நடுங்க வேண்டாம்.

அதே சட்டத்தின் 4-ம் பிரிவு நமக்கு ஒரு பாதுகாப்பு. பள்ளியில் சேராத பிள்ளையை எப்போது கொண்டுபோனாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று அது சொல்கிறது. இது தெரிந்தால், ‘இன்று விட்டால் பிள்ளையின் எதிர்காலமே போச்சு’ என்ற பயம் குறையும். பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் இன்றைக்கே பாருங்கள். முன்பு பள்ளியில் படித்த பிள்ளை என்றால் டிசியை வாங்கி வையுங்கள்.

6. சொந்தக்காரர்களின் எதிர்ப்பைச் சண்டையாக்காதீர்கள்

நம் சபைகளில் இதற்கு ஒரு தனி ஆழம் உண்டு. வேறு ஊர்க்காரர்களுக்கு இது விளங்காது. மிஷனரி ரிங்கல்தௌபே 1806-ல் குமரிப் பக்கத்து மயிலாடிக்கு வந்தார். மிஷனரி ரேனியஸ் 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்தார். அவர்களும் பின்னால் வந்தவர்களும் தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம் கட்டினார்கள். எழுத்து மறுக்கப்பட்ட நம் முன்னோர்கள் அந்தத் திண்ணைகளில்தான் முதல் எழுத்து எழுதினார்கள். நம் தாத்தா பாட்டிமாருக்குப் பள்ளிக்கூடம் என்பது சுவிசேஷத்தோடு கலந்த ஒன்று. ‘பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவில்லை’ என்று கேட்கும்போது அவர்கள் காதில் நாம் பின்னோக்கி நடப்பதுபோல விழுகிறது. என் மாமியார் ஒருநாள் அழுதேவிட்டார்கள். ‘எங்க அப்பா ஸ்லேட்டு வாங்கக் காசில்லாம மணல்ல எழுதிப் படிச்சவரு. நீ பள்ளிக்கூடமே வேணாங்கிறியே’ என்றார்கள்.

அந்த அழுகைக்கு வாதம் பதில் ஆகாது. ‘அத்தை, அவர் மணல்ல எழுதுனதைப் பிள்ளைகளுக்கு நீங்களே சொல்லுங்க’ என்றேன். அதற்குப் பிறகு வியாழக்கிழமைதோறும் மூன்று மணி அத்தையின் பாடம். பனையேறிய குடும்பம், முதல் ஞானஸ்நானம், ஞாயிறு ஆராதனைக்கு நடந்துபோன வழி எல்லாம் சொன்னார்கள். பெரியவள் எழுதி எடுத்தாள். எதிர்ப்பு முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் விசாரிக்கிற சொந்தக்காரர்களிடம் அத்தை இப்போது ‘நான்தான் சரித்திரம் எடுக்கிறேன்’ என்கிறார்கள்.

கணவனுக்கோ மனைவிக்கோ இதில் உடன்பாடு இல்லாவிட்டால் அது வேறு விஷயம். உறவினர் எதிர்ப்பைத் தாங்கிக்கொள்ளலாம். துணையின் எதிர்ப்பைத் தாண்டிக்கொண்டு போகக் கூடாது. ஓராண்டுக்கு மட்டும் என்று இருவரும் ஒப்புக்கொண்டு, முடிவில் நோட்டையும் ஃபைலையும் வைத்துச் சேர்ந்து பாருங்கள்.

7. உதவியைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்

‘ஜெபித்துக்கொள்ளுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். மோசேயின் கைகள் தளர்ந்தபோது ஆரோனும் ஊர் என்பவனும் இருபக்கமும் நின்று கையைத் தாங்கினார்கள். அது கையால் செய்த வேலை. போதகர் வீட்டம்மாவிடம், ஞாயிறு பள்ளி ஆசிரியரிடம், ஓய்வுபெற்ற ஒரு டீச்சரிடம் நேராகக் கேளுங்கள்: ‘செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் மாலை நாலு மணியிலிருந்து ஐந்து வரை பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தர முடியுமா? இரண்டு மாதத்துக்கு.’ நாளும் நேரமும் முடிவும் சொல்லிக் கேட்டால் ஒத்துக்கொள்வது அவர்களுக்கும் எளிது. எங்களுக்கு ஒத்துக்கொண்டவர் ஓய்வுபெற்ற தபால்காரர். கூட்டுவட்டியை அஞ்சலகச் சேமிப்புப் புத்தகத்தை வைத்தே சொல்லிக்கொடுத்தார்.

8. உங்கள் உடம்பையும் மனதையும் பாருங்கள்

எலியா சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாக விரும்பினபோது, தேவதூதன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். தூங்க விட்டான். மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், ‘நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்’ என்று. வீட்டுக்கல்வி பத்துப் பன்னிரண்டு வருடப் பிரயாணம். இரவு இரண்டு மணிவரை பாடம் தயாரித்து விடிகாலை எழுந்து ஜெபித்தால்தான் விசுவாசம் என்று உங்களை நீங்களே வருத்தாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை நிற்கவில்லை, தூக்கம் இல்லை, பிள்ளைகளைப் பார்த்தாலே எரிச்சலாக வருகிறது என்றால் டாக்டரிடம் போங்கள். குழந்தை பிறந்த பிறகு என்றால் இன்னும் சீக்கிரம். 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. ஜெபமும் செய்யுங்கள், மருந்தும் எடுங்கள். காய்ச்சலுக்கு இரண்டையும் செய்கிறோமே.

பிள்ளைக்கு எட்டு வயது தாண்டியும் எழுத்துகள் தலைகீழாக வருகின்றன, கூட்டி வாசிக்க முடியவில்லை என்றால் அடம் என்றோ சோம்பல் என்றோ முடிவு கட்டாதீர்கள். டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். பரிசோதித்துவிட்டால் உங்கள் இருவருக்கும் நடுவில் உள்ள பாதிச் சண்டை தீரும்.

9. தேர்வு வழியைத் தெரிந்துகொண்டால் பயம் இறங்கும்

மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி, என்ஐஓஎஸ், பதினான்கு வயது முடிந்த பிள்ளைகள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வழி தருகிறது. தமிழ் வழியிலும் உண்டு. குறைந்தது ஐந்து பாடங்கள், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும். பொதுத்தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர். கஷ்டப்படும் குடும்பங்களுக்கு இதில் ஒரு பெரிய நிம்மதி உண்டு. ஐந்தையும் ஒரே நேரத்தில் எழுத வேண்டியதில்லை. இப்போது இரண்டு, ஆறு மாதம் கழித்து மூன்று என்று பிரிக்கலாம். பதிவு ஐந்தாண்டு செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. வீட்டில் ஒரு மரணம் நடந்த வருடத்தில்கூட ஒரு பிள்ளை இரண்டு பாடத்தை எழுதி முடிக்க முடியும். பதிவு செய்யும்போதே மேற்படிப்பை யோசித்துப் பாடம் தேர்ந்தெடுங்கள். எளிது என்று கணக்கையும் அறிவியலையும் தவிர்த்துவிட்டுப் பிறகு தவிக்காதீர்கள்.

10. பள்ளிக்கு அனுப்ப வேண்டிய நேரமும் உண்டு

நோய் வருடக்கணக்கில் நீளுகிறது, வீட்டில் அடிதடி இருக்கிறது, கஞ்சி நாள் பாடம்கூட ஆறு மாதமாக நடக்கவில்லை, அல்லது வளர்ந்த பிள்ளை யோசித்துத் திரும்பத் திரும்பப் பள்ளியைக் கேட்கிறது என்றால், அனுப்புங்கள். அது தேவனுக்குச் செய்த துரோகம் இல்லை. தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன். விசுவாசம் பாட்டி லோவிசாளிடமிருந்தும் தாய் ஐனிக்கேயாளிடமிருந்தும் வந்தது என்று பவுல் எழுதுகிறார். பள்ளிவிட்டு வரும் பிள்ளையோடும் மாலையில் ஒரு சங்கீதம் வாசிக்கலாம்.

முடிவெடுக்கும் விதத்தில் மட்டும் கவனம் வேண்டும். அழுத இரவில் முடிவெடுக்காதீர்கள். ஒரு தேதி குறித்து, அதுவரை கஞ்சி நாள் பாடத்தை மட்டும் நடத்தி, தூங்கி எழுந்து சாப்பிட்ட பிறகு ஒரு பகல் நேரத்தில் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்.

11. திரும்ப ஏறும்போது மெதுவாக

கஷ்டம் தணிந்ததும் விட்டதையெல்லாம் ஒரே வாரத்தில் பிடிக்க ஆசை வரும். நானும் அப்படிச் செய்து, மூன்றாம் நாளே பிள்ளைகளிடம் கத்தினேன். அப்புறம் வாரத்துக்கு ஒன்று என்று கூட்டினோம். முதல் வாரம் அறிவியல், அடுத்த வாரம் வரலாறு, அதற்கடுத்து ஆங்கில இலக்கணம், கடைசியாகக் கீபோர்டு. விடுபட்ட பாடங்களில் அடுத்ததற்கு அடித்தளமானதை மட்டும் எடுத்தோம், மற்றதை விட்டுவிட்டோம். ஐந்தாம் வாரம் பழைய அட்டவணை முழுதாக வந்துவிட்டது. மாமா அப்போது சாய்வு நாற்காலியில் உட்காரத் தொடங்கியிருந்தார். சின்னவன் வாசிக்க, அவர் விரல் நாற்காலிக் கையில் தட்டும். பருப்பு டப்பாவில் ஒட்டிய தாளை நான் கிழிக்கவில்லை. மஞ்சள் கறை படிந்து இன்னும் அங்கேயே இருக்கிறது. போன மழைக்காலத்தில் எனக்கு டெங்கு வந்தபோது பெரியவள்தான் டப்பாவைத் திறந்து, ‘அம்மா, இன்னிக்கு கஞ்சி நாள்’ என்று தம்பியைக் கூப்பிட்டாள்.